டிரான்ஸ்ஃபர் ஆன தலைநகரம்!

ஆபீஸில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் நாம் என்ன செய்வோம்? மானேஜரைக் கெஞ்சுவோம். மாமியாருக்கு மூட்டுவலி என்று மெடிக்கல் சர்டிபிகேட் வாங்குவோம். ஆனால் ஒரு தேசத்தின் மொத்த செக்ரடேரியட்டுக்குமே டிரான்ஸ்ஃபர் என்றால்..?

கஜகஸ்தானில் அதுதான் நடந்தது. 1997 டிசம்பர் 10. ஜனாதிபதி நூர்சுல்தான் நஸர்பாயெவ் போட்ட உத்தரவில், மலையடிவாரத்து அல்மாட்டியிலிருந்து தலைநகரம் கிளம்பி, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, புல்வெளி நடுவே இருந்த அக்மோலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அல்மாட்டி தேசத்தின் ஒரு மூலையில் இருக்கிறது, பூகம்ப பூமி, விரிய இடமில்லை என்று காரணம் சொன்னார்கள். அக்மோலா என்றால் 'வெள்ளைக் கல்லறை' என்று அர்த்தம் சொல்வதுண்டு. குளிர்காலத்தில் மைனஸ் முப்பது டிகிரி! எந்த குமாஸ்தா சந்தோஷமாகப் போவான், சொல்லுங்கள்?

நம்மாட்கள் தப்பித்தார்கள். 1980-களில் எம்.ஜி.ஆர். தலைநகரைத் திருச்சிக்கு மாற்ற நினைத்தார், நடக்கவில்லை. நடந்திருந்தால் காலை எட்டு மணிக்கு ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ் ஏறினால் உட்கார ஸீட் கிடைத்திருக்கும்!

1998-ல் ஊருக்கு அஸ்தானா என்று பெயர் மாறியது. அர்த்தம் ரொம்ப ஸிம்பிள்... 'தலைநகரம்'!

போனால் பார்க்க நிறைய இருக்கிறது. 2022 முதல் இந்தியர்களுக்குப் பதினாலு நாள் வரை விசா வேண்டாம். பைதெரெக் கோபுரத்தில் 97 மீட்டர் உயரத்தில் நின்று ஊரைப் பார்க்கலாம். தலைநகரம் வந்த வருஷத்தின் ஞாபகமாக அந்த 97. அங்கே நஸர்பாயெவின் உள்ளங்கைப் பதிவு இருக்கிறது. அதில் கை வைத்து வேண்டிக்கொள்வார்கள். (நாமாக இருந்தால் இன்க்ரிமென்ட்!) 2010-ல் திறந்த கான் ஷாடிர், நார்மன் ஃபாஸ்டர் டிசைன் செய்த ராட்சசக் கூடாரம். வெளியே பனி கொட்டும். உள்ளே மணல் பரப்பிய 'பீச்'!

எல்லாம் எண்ணெய்ப் பணம் ஸார். ஆனால் அந்த எண்ணெய் எடுக்கும் ஜனாவோஸெனில்தான் 2022 ஜனவரியில், வண்டிக்குப் போடும் காஸ் விலை ஏறியதும் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். அது தேசமெங்கும் பரவிக் கலவரமானது. இருநூறுக்கும் மேல் உயிர்ப்பலி.

2019-ல் நஸர்பாயெவ் பதவி விலகியதும் அவரைக் கௌரவித்து ஊருக்கு 'நூர்-சுல்தான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கலவரம் நடந்த அதே 2022-ல், செப்டம்பரில், அது மறுபடி அஸ்தானா ஆகிவிட்டது. போர்டு எழுதுகிற பெயின்டருக்கு யோகம்!

ஆர்டர் போட்டவர் பெயர் ஊரிலிருந்து போய்விட்டது. முணுமுணுத்துக்கொண்டே பெட்டி கட்டிய குமாஸ்தாக்கள்? அவர்கள் பிள்ளைகளுக்கு இப்போது அதுதான் சொந்த ஊர்.