செல்போன் வெளிச்சத்தை நம்பி இருட்டில் இறங்கலாமா? சட்டைப்பை 'டார்ச்' வாங்குவோர் உஷார்!

தாம்பரம்,

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 1-ந்தேதி. தாம்பரம் பகுதியில் பேய் மழை! மறுநாள் காலை அளந்து பார்த்தபோது 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டித் தீர்த்திருந்தது.

அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஜனங்கள் மாடிக்கு ஓடினார்கள். கரண்டு போய்விட்டது. தெரு விளக்கும் இல்லை. எங்கு பார்த்தாலும் கும்மிருட்டு.

அடுத்த ஆண்டே, 2016 டிசம்பர் 12-ந்தேதி 'வார்தா' புயல். மரங்களும் மின்சாரக் கம்பங்களும் சாய்ந்தன. புறநகரில் பல தெருக்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன.

2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல். மறுபடியும் முடிச்சூர், வரதராஜபுரத்தில் வெள்ளம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் வரை தண்ணீர். கூடவே இருட்டு.

இப்படிப்பட்ட ராத்திரியில்தான் டார்ச் லைட் ஞாபகம் வரும். பரணில் கிடப்பதைத் தேடி எடுத்து அழுத்தினால்... ஊஹூம்! மூடியைத் திறந்தால் செல் ஒழுகி, ஸ்பிரிங் முழுக்கப் பச்சை பூத்திருக்கும்.

"எவ்வளவு வெளிச்சம் வரும்?" என்பது கடையில் கேட்கிற கேள்வி. "அழுத்தினால் எரியுமா?" என்பது இருட்டில் கேட்கிற கேள்வி. உயிர் போகிற நேரத்தில் இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதைத் தெரிந்து கொண்டு டார்ச் வாங்குவது எப்படி? அதன் விவரம் வருமாறு:-

போன் இருக்கே, போதாதா?

"என்ன சார், போன்லயே லைட் இருக்கு. அப்புறம் எதுக்குத் தனியா ஒரு டார்ச்?" என்று பலர் கேட்கலாம்.

பூட்டைத் திறக்க, கீழே விழுந்த சில்லறையைத் தேட போன் வெளிச்சம் போதும். ஆனால் அது காலடியில் பரவுகிற வெளிச்சம். தூரத்தில் விழாது. எதிரே ரோட்டில் கிடப்பது அறுந்த கேபிளா, பாம்பா என்று எட்டி நின்று பார்க்க அது உதவாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கரண்டு இல்லாத ராத்திரியில் போன்தான் உயிர்நாடி. ஆம்புலன்சுக்கு 108, மின்சாரப் புகாருக்கு 94987 94987 என்று பேச வேண்டியதும் அதே போனில்தான். அதை விளக்காக எரித்துத் தீர்த்துவிட்டால் பேசுவது எதில்?

மழையில் வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வெளிச்சமும் போச்சு, பேச்சும் போச்சு!

ரோட்டில் முதலை!

தாம்பரத்தைச் சுற்றிலும் ஏரிகள். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், பீர்க்கன்காரணை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பெரு மழை பெய்தால் நீரோடு பூச்சி பொட்டும் ஊருக்குள் வந்துவிடும்.

'மிக்ஜாம்' மழையின்போது பெருங்களத்தூர் - நெடுங்குன்றம் பகுதியில் ஒரு முதலை ரோட்டைக் கடந்து புதருக்குள் போனது. வாகனத்தில் சென்றவர்கள் எடுத்த அந்த வீடியோ படம் ஊரையே பதற வைத்தது. வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் அது தெரிந்தது. நடந்து வருகிறவர் கையில் வெளிச்சம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

முதலை என்றைக்கோ ஒரு நாள். பாம்பு அப்படி அல்ல. 2000 முதல் 2019 வரை 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடிக்கு சுமார் 12 லட்சம் பேர் பலியானார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம் பேர்!

கட்டு விரியன் ராத்திரியில்தான் நடமாடும். கண்ணாடி விரியனும் பெரும்பாலும் இருட்டிய பிறகே இரை தேடும். எனவே காலை வைக்கும் முன் அங்கே வெளிச்சத்தை வைக்க வேண்டும். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு, ஷூவுக்குள்ளும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

அப்படியும் கடித்துவிட்டால் கத்தியால் கீறுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது கூடவே கூடாது. நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விஷ முறிவு மருந்து அங்கே இலவசம்.

அப்பா காலத்து டார்ச்

ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இரண்டு பெரிய செல் போட்ட, பளபளக்கும் உலோக டார்ச் இருந்தது. எவரெடி, ஜீப் என்ற பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். தியேட்டரில் படம் தொடங்கிய பிறகு வருகிறவர்களுக்கு சீட் காட்டியதும் அதுதான். வயல் வரப்பில் தண்ணீர் பாய்ச்சப் போனவர் கையில் இருந்ததும் அதுதான்.

அதன் வெளிச்சம் எவ்வளவு தெரியுமா? விளக்கு தரும் மொத்த ஒளியை 'லூமென்' என்ற அளவால் குறிக்கிறார்கள். அந்தக் காலத்து இரண்டு செல் டார்ச் தந்தது ஏறக்குறைய 10 முதல் 20 லூமென்தான்! அதை வைத்துக்கொண்டே ஜனங்கள் காடு மேடு எல்லாம் நடந்தார்கள்.

பிறகு எல்.இ.டி. விளக்கு வந்தது. வெள்ளை ஒளிக்கு வழி வகுத்த நீல நிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பானில் பிறந்த 3 விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று விரல் நீள டார்ச்கூட 100 லூமென் தருகிறது.

ஆகவே வெளிச்சத்துக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் எல்லாம் நம்பிக்கைக்குத்தான்!

டப்பா மீது புளுகு

சண்முகம் சாலையோ, ரிச்சி தெருவோ, எங்கே வாங்கினாலும் டப்பாவில் அச்சடித்த எண்ணைக் கண்டு மயங்கக் கூடாது.

உள்ளங்கை அளவு டார்ச்சில் "50 ஆயிரம் லூமென்" என்று போட்டிருந்தால் அது சுத்தப் புளுகு. அவ்வளவு வெளிச்சம் தர அந்தக் குட்டிச் செல்லில் சக்தியும் இல்லை; அந்தச் சூட்டைத் தாங்க அந்தத் தகரத்துக்குத் தெம்பும் இல்லை.

"200 மீட்டர் தூரம் அடிக்கும்" என்பதும் முழுப் பொய் அல்ல. முழு உண்மையும் அல்ல. உலக அளவில் ஒப்புக்கொண்ட முறைப்படி, வெளிச்சம் ஏறக்குறைய பௌர்ணமி நிலவு அளவுக்குக் குறைகிற தூரத்தைத்தான் அப்படிக் குறிப்பிடுகிறார்கள். தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

"10 மணி நேரம் எரியும்" என்பதும் அப்படித்தான். ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரத்தை அதில் சேர்த்து விடுகிறார்கள். பத்தாவது மணியில் எரிவது மின்மினிப் பூச்சிதான்!

வீட்டுக்குள் நடமாட 10 லூமென் போதும். ஸ்டேஷனில் இறங்கி இருட்டுத் தெருவில் நடந்து போக 100 லூமென் தாராளம். அதற்கு மேல் கொடுக்கிற காசு, பெருமைக்குக் கொடுக்கிற காசு.

செல் எது?

டார்ச்சின் உயிர் செல்லில்தான் இருக்கிறது. சட்டைப்பை டார்ச்சுக்குச் சிறந்தது, சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே, அந்தப் பென்சில் செல் ஒன்று போட்டு எரிகிற ரகம். தெருமுனைப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும். வெள்ளத்தில் நாலு நாள் கரண்டு இல்லாவிட்டாலும் செல்லை மாற்றினால் எரியும்.

சார்ஜ் போடும் டார்ச் தினமும் எரிப்பவர்களுக்கு லாபம். ஆனால் கரண்டே இல்லாதபோது எங்கே சார்ஜ் போடுவது? செல்போன் சார்ஜரிலும், பவர் பேங்கிலும் சார்ஜ் ஆகிற ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். பின்பக்கம் பிளக் நீட்டிக்கொண்டிருக்கும் மலிவு டார்ச்சுகள் சிலவற்றில் உள்ளே இருப்பது ஈய பேட்டரி. மாதக் கணக்கில் சார்ஜ் போடாமல் விட்டால் அது செத்துவிடும். பிறகு எத்தனை மணி நேரம் போட்டாலும் பிழைக்காது.

அடுத்தது லித்தியம் செல். '18650' என்பது அதில் பிரபலமான ரகம். 18 மி.மீ. பருமன், 65 மி.மீ. நீளம் என்பதால் அந்தப் பெயர். அதன் மீது "9,900 எம்.ஏ.எச்." என்று போட்டிருந்தால் போலி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நல்ல கம்பெனி செல்லே அதில் பாதியைத் தொடுவதில்லை. லித்தியம் செல்லில் ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

லித்தியம் செல்லைச் சாவி, சில்லறையோடு சேர்த்துப் பையில் போடவே கூடாது. இரண்டு முனையும் உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. பென்சில் செல் அளவிலேயே ஒரு லித்தியம் செல்லும் விற்கிறது. பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் பென்சில் செல் 1.5 வோல்ட், அது 3.7 வோல்ட். தெரியாமல் மாற்றிப் போட்டால் டார்ச் கருகிவிடலாம்.

மூணாவது தட்டில் எரிவதா?

சுவிட்சும் கவனிக்க வேண்டிய சங்கதி. முதல் அழுத்தில் பளிச்சென்று எரிய வேண்டும். தலையில் தட்டினால்தான் எரியும் என்றால் அது டார்ச் அல்ல, தலைவலி!

சில டார்ச்சில் ஒரு தடவை அழுத்தினால் மங்கல், அடுத்து பிரகாசம், அதற்கடுத்து விட்டு விட்டுக் கண் சிமிட்டல் என்று ஏகப்பட்ட வித்தை. பதற்றத்தில் இருப்பவனுக்கு வித்தை எதற்கு? எரிய வேண்டும், அணைய வேண்டும். கூட ஒரு மங்கல் வெளிச்சம் இருந்தால் போதும்.

பைக்குள் கிடந்து தானாக எரிந்து செல் தீர்ந்து போவதும் சகஜம். இதற்கு ஒரு சுலப வழி உண்டு. திருகு மூடியுள்ள பல உலோக டார்ச்சுகளில் அடி மூடியைக் கால் சுற்று தளர்த்திவிட்டால் சுவிட்ச் அழுந்தினாலும் எரியாது. அப்படி நிற்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

மழைக்கு 'ஐ.பி.எக்ஸ்.' என்ற முத்திரையைப் பார்க்க வேண்டும். 4 என்றால் சாரல், தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். முடிச்சூர் பக்கம் குடியிருப்பவர்கள் 7 வாங்குவதே புத்திசாலித்தனம்!

கடையிலேயே சோதனை

காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை:

1. செல்லைப் போடச் சொல்லி 20 தடவை அழுத்திப் பாருங்கள். ஒரு தடவை தவறினாலும் வேண்டாம்.

2. எரியவிட்டுக் குலுக்குங்கள். வெளிச்சம் நடுங்கினால் உள்ளே இணைப்பு சரியில்லை.

3. மூடியைத் திறந்து ஸ்பிரிங், மரை, ரப்பர் வளையம் மூன்றையும் பாருங்கள். மரை சிக்காமல் ஓட வேண்டும்.

4. சுவரில் அடியுங்கள். நடுவில் பளிச்சென்றும் சுற்றிலும் பரவலாகவும் விழ வேண்டும். நடுவில் இருட்டுப் பொட்டு இருந்தால் தள்ளி விடுங்கள்.

5. சட்டைப்பையில் வைத்துக் குனிந்து பாருங்கள். விழுந்தால், கிளிப் உள்ள வேறு ஒன்றைக் கேளுங்கள்.

6. மறக்காமல் பில் வாங்குங்கள். நாளைக்குத் திருப்பிக் கொடுக்க அதுதான் சாட்சி.

இதைச் செய்யாதீர்!

டார்ச் இருக்கிற தைரியத்தில் சிலர் செய்யும் காரியங்கள் வினையில் முடியும்.

தேங்கிய தண்ணீரில் டார்ச் அடித்தால் திறந்து கிடக்கும் பள்ளம் தெரியலாம். ஆனால் தண்ணீரில் பாயும் கரண்டு தெரியாது! கம்பி அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்வதே சரி.

தண்டவாளத்தைக் கடக்கவும் டார்ச் 'பாஸ்' அல்ல. அத்துமீறிக் கடந்தால் ரெயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய தண்டனையை மின்சார ரெயில் கொடுத்துவிடும்.

ரோட்டில் நடக்கும்போது எதிரே வரும் வண்டிக்காரர் கண்ணில் டார்ச் அடிக்கக் கூடாது. கண் கூசி அவர் உங்கள் மீதே ஏற்றிவிடுவார். காலடியில் அடித்தால் போதும். ஆள் வருவது அவருக்குத் தெரிந்துவிடும்.

சம்பள நாளில் ஒரு அழுத்து

நல்ல டார்ச்சையும் கெடுப்பது மறதிதான். பழைய செல்லோடு புது செல் கலந்து போடக் கூடாது. வெவ்வேறு கம்பெனி செல்லும் கூடாது. தீர்ந்த செல் உள்ளேயே கிடந்தால் நிச்சயம் ஒழுகும். பரணில் வைப்பதானால் செல்லை வெளியே எடுத்து, டார்ச்சுடன் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டும்.

கையோடு கொண்டு போகிற டார்ச்சை மாதம் ஒரு தடவை, சம்பள நாளில் அழுத்திப் பார்த்துவிட வேண்டும். மங்கினால் அன்றைக்கே செல் மாற்ற வேண்டும். ராத்திரி ஷட்டர் இறக்கும் கடைக்காரர்கள் கல்லாப் பெட்டியில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று என இரண்டு வைத்துக்கொள்ளலாம்.

தெரு விளக்கை எரிய வைப்பது தாம்பரம் மாநகராட்சியின் வேலை. எரியாவிட்டால் புகார் கொடுக்க வேண்டியதுதான். அது எரிகிற வரை பள்ளத்தில் விழாமல் வீடு போய்ச் சேருவது அவரவர் பொறுப்பு.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை சொல்லிக்கொண்டு வரலாம். கரண்டு சொல்லிக்கொண்டு போகாது. வீட்டில் கிடக்கும் டார்ச்சை இன்றைக்கே எடுத்து ஒரு அழுத்து அழுத்திப் பாருங்கள். எரிகிறதா?