கூர்நோக்கு இல்லங்களில் மேற்பார்வை: சிறாரும் பணியாளரும்

ஆய்வுச் சுருக்கம்

சட்டத்துடன் முரண்பட்ட குழந்தைகள் தங்கவைக்கப்படும் கூர்நோக்கு இல்லங்களிலும் சிறப்பு இல்லங்களிலும் சிறாரை மேற்பார்வையிடுதல், பணியாளரை மேற்பார்வையிடுதல் என்னும் இரண்டும் தனித்தனிப் பணிகளாகக் கருதப்படுகின்றன. இவை ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதையும், பணியாளருக்குரிய மேற்பார்வை குன்றும்போது சிறாரின் மேற்பார்வை சிறாருள் வலியோரின் கைக்கு மாறுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. இந்தியச் சட்டத்தின் விதிகளும், நிறுவன வாழ்வு குறித்த சமூகவியல் ஆய்வுகள் சிலவும், அமெரிக்க நடைமுறைகள் இரண்டும் இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கூர்நோக்கு இல்லம், இல்லத் தந்தை, மேற்பார்வை, இரவுப் பணி, இளைஞர் நீதிச் சட்டம் 2015

முன்னுரை

பதினெட்டு வயது நிறையாத ஒருவர் குற்றம் புரிந்ததாகக் கூறப்பட்டாலும் அவரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ வைத்தல் கூடாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் 10ஆம் பிரிவு இதனை ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. பிணையில் விடப்படாத சிறார் விசாரணைக் காலத்தில் தங்கும் இடம் கூர்நோக்கு இல்லம். விசாரணைக்குப் பின் இளைஞர் நீதிக் குழுமத்தின் ஆணைப்படி, மிகுதியும் மூன்றாண்டுகள் வரை, தங்கும் இடம் சிறப்பு இல்லம்.

சென்னை மாகாணத்துக்கு இத்துறையில் நீண்ட வரலாறு உண்டு. செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி 1887இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் முதன்முதலில் இயற்றப்பட்டதும் இம்மாகாணத்தில்தான் (1920). இவ்வளவு பழைமை வாய்ந்த ஓர் ஏற்பாட்டில், 2022 டிசம்பர் இறுதியில், அதே செங்கல்பட்டிலுள்ள அரசு இல்லத்தில் திருட்டுக் குற்றச்சாட்டின்பேரில் சேர்க்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் சில நாள்களுக்குள் உயிரிழந்தான். தாக்கியதாக இல்லப் பணியாளர் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். 2023இல் தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. இத்தகைய நிகழ்வுகளின்போது பொது உரையாடல் 'கொடியவர் சிலர்' என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. தனியாள் பொறுப்பை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்பொறுப்பைத் தாண்டியும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பணியாளரை அன்றாடம் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

சொல்லும் பணியும்

'கூர்நோக்கு' என்பது ஆங்கிலச் சட்டச் சொல்லுக்கு ஈடாக ஆக்கப்பட்ட தமிழ்ச் சொல். ஆயினும் மூலத்தைவிட இது பொருள்வளம் மிக்கதாகவே அமைந்துவிட்டது. நோக்குதல் என்பதற்குப் பார்த்தல், கருதுதல், பாதுகாத்தல் ஆகிய பொருள்கள் தமிழில் உண்டு. (தொல்காப்பியர் நோக்கினைச் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக வைத்ததும் இங்கு நினைவுக்கு வரலாம், அது வேறு தளம்.) மாறாக, நடைமுறையில் இப்பணியைக் குறிக்க வழங்கும் 'கண்காணிப்பு' என்னும் சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு. கண்காணி என்பதே தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் கங்காணி ஆயிற்று. ஆள்களை எண்ணி, வேலை வாங்கி, எண்ணிக்கை குறையாமல் ஒப்படைப்பது கங்காணியின் வேலை.

இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட தொலைவே இல்லங்களின் சிக்கல் எனலாம். சட்டம் கேட்பது நோக்குதலை. 3ஆம் பிரிவு கூறும் பதினாறு நெறிகளுள் குற்றமற்றவர் என்ற அனுமானம், கண்ணியம், களங்கம் சுமத்தாத சொல்லாட்சி, நிறுவனத்தில் வைப்பது இறுதி வழியாக மட்டும் இருத்தல் ஆகியவை அடங்கும். ஆனால் இரவில் அறுபது சிறாருக்குப் பொறுப்பேற்கும் பணியாளரிடம் மறுநாள் காலையில் மேலதிகாரி முதலில் கேட்பது எண்ணிக்கை சரியா என்பதுதான். தப்பியோட்டம் செய்தியாகும், விளக்கம் கேட்கப்படும். ஒரு சிறுவன் இரவெல்லாம் அழுதுகொண்டிருந்தது செய்தியாகாது. எதற்கு விளக்கம் கேட்கப்படுமோ அதையே பணியாளர் பார்த்துக்கொள்வார்.

சட்டம் இல்லத் தந்தை, இல்லத் தாய் என்று அழைக்கும் பணியாளரைப் பேச்சுவழக்கு 'வார்டன்' என்றே அழைக்கிறது. விடுதிக்கும் சிறைக்கும் பொதுவான சொல் அது. இல்லத்தை 'சீர்திருத்தப் பள்ளி' என்று கூறும் வழக்கமும் ஒழியவில்லை. களங்கம் சுமத்தாத சொல்லாட்சி என்னும் நெறி சிறாரைக் குறிக்கும் சொற்களோடு நின்றுவிடாமல் பணியாளரைக் குறிக்கும் சொற்களுக்கும் நீளவேண்டும் என்பது கட்டுரையாளரின் கருத்து. தன்னை வார்டன் என்று அழைக்கக் கேட்பவர் வார்டனாகவே நடந்துகொள்ளக் கற்கிறார்.

எண்ணிக்கையும் இரவும்

2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் நூறு குழந்தைகள் கொண்ட இல்லத்துக்குப் பரிந்துரைக்கும் பணியாளர் பட்டியலில் இல்லத் தந்தை அல்லது இல்லத் தாய் பணியிடங்கள் நான்கு. நாளுக்கு மூன்று முறைப்பணி என்று கொண்டால் வாரத்தில் நிரப்பவேண்டிய முறைப்பணிகள் 21. ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஆறு முறைப்பணி செய்தால் நால்வரிடமிருந்து கிடைப்பவை 24. அதாவது, பணியிடங்கள் அனைத்தும் நிரம்பியிருந்து, எவரும் விடுப்பு எடுக்காதிருந்தால்கூட, ஒரு நேரத்தில் நூறு சிறாருக்கு ஒருவரே இருப்பார். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றொருவர் தொடர்ச்சியாக இரண்டு முறைப்பணி பார்க்கவேண்டும். பகலில் ஆசிரியர், ஆற்றுப்படுத்துநர், நன்னடத்தை அலுவலர், சமையலர் எனப் பெரியவர்கள் பலர் நடமாடுவர். மாலைக்குப் பின் அவர்கள் வீடு திரும்புவர். வாயிற்காவலரின் கண் மதில்மீது இருக்கும். படுக்கை அறையின்மீது இராது.

இங்கு ஓர் ஒப்பீடு பயன்படும். அமெரிக்காவில் சிறைப் பாலியல் வன்முறை ஒழிப்புச் சட்டம் 2003இல் இயற்றப்பட்டது. அதன் செயல்தரங்கள் 2012இல் வெளியாயின. பூட்டிய சிறார் காப்பகங்களில் சிறார் விழித்திருக்கும் நேரத்தில் எட்டுப் பேருக்கு ஒருவரும், உறங்கும் நேரத்தில் பதினாறு பேருக்கு ஒருவரும் பணியில் இருக்கவேண்டும் என்று அத்தரங்கள் வரையறுத்தன. 2017 அக்டோபர் முதல் இவ்விகிதம் நடைமுறைக்கு வந்தது. நூறு சிறாருக்கு இரவில் ஏழு பேர் என்று ஆகும். அந்நாட்டுக் காப்பகங்கள் முன்மாதிரியானவை என்பது இதன் பொருளன்று; அங்கும் கொடுமைகள் நிகழ்ந்துள்ளன, அவற்றின் விளைவாகவே அத்தரங்கள் பிறந்தன. தனித்து விடப்பட்ட ஒரு பணியாளரிடம் நோக்குதலை எதிர்பார்க்க முடியாது என்பதை எண்ணால் ஒப்புக்கொண்ட ஓர் ஆவணமாக அதைக் கொள்ளலாம்.

அமைதி எனும் மயக்கம்

தனியாக நிற்கும் பணியாளர் ஒரு கூடத்தை அடக்கி வைத்திருக்க மூன்று வழிகள் உள்ளன. அடித்து அச்சுறுத்தலாம். கதவைப் பூட்டிவிட்டு விலகிக்கொள்ளலாம். அல்லது சிறாருள் வலியவர் இருவர் மூவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். மூன்றாவது வழியே மிகவும் மென்மையானதுபோல் தோன்றுவது. மிகவும் ஆராயப்பட வேண்டியதும் அதுவே.

கிரெஷாம் சைக்ஸ் நியூ ஜெர்சி மாநிலச் சிறையை ஆராய்ந்து 1958இல் வெளியிட்ட நூல், காவலரின் அதிகாரம் காகிதத்தில் முழுமையானது, நடைமுறையில் ஓட்டை நிறைந்தது என்று காட்டியது. கைதிகளின் ஒத்துழைப்பு இன்றிக் காவலரால் ஒரு நாளையும் ஓட்ட முடிவதில்லை. சிறு மீறல்களைக் காணாததுபோல் இருந்து, பெரிய தொல்லைகள் வராமல் பார்த்துக்கொள்கிறார். பழக்கம், கொடுக்கல் வாங்கல், சோர்வு ஆகியவற்றின் வழியே அதிகாரம் கை நழுவுகிறது. சைக்ஸ் ஆராய்ந்தது வயதுவந்தோர் சிறை. சிறார் இல்லத்தில் இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஹோவார்ட் போல்ஸ்கியின் 'காட்டேஜ் சிக்ஸ்' (1962) விளக்குகிறது. சிறாருக்கான சிகிச்சை உறைவிடம் ஒன்றில் ஒரு குடிலின் சிறுவர்களோடு இருந்து அவர் கண்டது இது: சிறுவர்களுக்குள் தலைவர் முதல் எல்லோராலும் வதைபடுவோர் வரை உறுதியான படிநிலை இருந்தது. குடிலின் பொறுப்பாளர்கள் அப்படிநிலையைக் கலைக்கவில்லை. தம் வேலை நடக்கவேண்டி அதனோடு இசைந்துபோயினர். உளநல வல்லுநர்களோ தம் அறையில் தனித்தனியே சிறுவர்களைச் சந்தித்தனர். மாலையில் குடிலுக்குள் நடப்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

போல்ஸ்கி காட்டும் இந்த இடைவெளி நம் இல்லங்களின் பணியமைப்பிலும் உள்ளது. ஆற்றுப்படுத்துநரும் நன்னடத்தை அலுவலரும் கல்வித் தகுதி பெற்றவர்கள். பகலில், தனியறையில் சிறாரைச் சந்திப்பவர்கள். நன்னடத்தை அலுவலரின் சமூகப் புலனாய்வு அறிக்கை, சிறுவன் குழுமத்தின் முன் முதலில் நிறுத்தப்பட்டதிலிருந்து பதினைந்து நாள்களுக்குள் அளிக்கப்பட வேண்டும். அது குடும்பத்தையும் பள்ளியையும் நண்பர்களையும் பேசும். சிறுவனோடு மிகுந்த நேரம் இருப்பவர், அவன் உண்பதையும் உறங்குவதையும் அஞ்சுவதையும் காண்பவர், இல்லத் தந்தை. அவர் கண்டது எந்த அறிக்கைக்கும் எளிதில் வந்து சேர்வதில்லை, கேட்பாரும் அரிது.

இதன் விளைவு ஆய்வுக்கு வருவோரையும் ஏமாற்றுகிறது. ஓசையற்ற கூடம், வரிசையாக நிற்கும் சிறார், மடித்து வைத்த போர்வைகள் ஆகியன நல்ல நிருவாகத்தின் அடையாளங்களாகக் குறிக்கப்படும். மூன்று வழிகளுள் எதைக் கையாண்டாலும் கிடைப்பது இதே காட்சிதான். சிறுவர்கள் பேசிச் சிரித்து, சிலவேளை சண்டையிட்டு, பணியாளரிடம் வந்து முறையிடும் இல்லம் பார்வையாளருக்குக் குழப்பமாகத் தெரியும். அங்குதான் மேற்பார்வை உயிரோடு இருக்க வாய்ப்பு மிகுதி.

சட்டம் பணியாளரைக் காணும் முறை

சட்டம் பணியாளரைப் பெரிதும் தண்டனைப் பிரிவுகளில் வைத்தே காண்கிறது. 75ஆம் பிரிவின்படி, குழந்தையின் பொறுப்பேற்ற நிறுவனத்தில் பணிபுரிவோர் கொடுமை இழைத்தால் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. ஒழுங்குபடுத்தும் நோக்கில் உடல்ரீதியாகத் தண்டிப்பதை 82ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. முதல் முறை பத்தாயிரம் ரூபாய் தண்டம், மீண்டும் செய்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது தண்டம் அல்லது இரண்டும். பணிநீக்கத்துக்கும் அப்பிரிவு இடமளிக்கிறது. இவை தேவையானவை. ஆனால் அடி விழுந்தபின் வருபவை.

முன்கூட்டித் தடுக்கும் ஏற்பாடுகளுள் குறிப்பிடத்தக்கது குழந்தைகளின் ஆலோசனைப் பெட்டி. மாதிரி விதிகளின்படி அது அலுவலகத்திலிருந்து விலகி, சிறார் தங்கும் அறைகளுக்கு அருகில் இருக்கவேண்டும். அதன் சாவி இல்லக் கண்காணிப்பாளரிடம் இருத்தலாகாது. மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்கும். வாரந்தோறும் குழந்தைகள் குழு உறுப்பினர் முன்னிலையில் திறக்கப்பட வேண்டும். சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்பதுவரை சிந்தித்த விதி இது. எனினும் முந்தைய பகுதியில் கூறியதை இங்கு நினைவுகூர வேண்டும்: குழந்தைகள் குழுவில் இடம்பெறுவோர் படிநிலையின் உச்சியில் இருப்போராயின், அவர்கள் முன்னிலையில் திறக்கப்படும் பெட்டியில் கடைசிப் படியிலுள்ள சிறுவன் எதை எழுதிப் போடுவான்?

இளைஞர் நீதிக் குழுமம் மாதத்துக்கு ஒருமுறையேனும் இல்லங்களைப் பார்வையிடுதல் வேண்டும். 54ஆம் பிரிவின் கீழ் அமையும் ஆய்வுக் குழுக்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் வருதல் வேண்டும். அக்குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருத்தல் வேண்டும். வருகை இரவில் அமையவேண்டும் என்ற கட்டாயம் இப்பிரிவுகளில் இல்லை.

பணியாளரைத் தாங்கும் மேற்பார்வை

சுதந்திரம் இழந்த சிறாரின் பாதுகாப்புக்காக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1990இல் ஏற்ற விதிகள் (ஹவானா விதிகள் எனப்படுபவை) பணியாளர்பற்றித் தனிப்பகுதி கொண்டுள்ளன. காப்பகத்தின் தரம் பணியாளரின் நேர்மை, மனிதநேயம், தொழில்திறன் ஆகியவற்றைச் சார்ந்தது. எனவே அவர்களைக் கவனமாகத் தேர்ந்து, தகுந்தவர் வந்து நிலைக்குமளவு ஊதியம் தந்து, பயிற்றுவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தொகுப்பூதிய ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பதும், அவர் ஓராண்டில் வேறு வேலைக்குப் போய்விடுவதும் இதற்கு நேர்மாறானவை. போனவரோடு அவர் அறிந்துவைத்திருந்த சிறுவர்களைப் பற்றிய அறிவும் போய்விடுகிறது.

மேலே குறித்த அமெரிக்கத் தரங்களில் எண்ணிக்கையைவிட நமக்கு உடனடியாகப் பயன்படக்கூடிய விதி வேறொன்று. இடைநிலை அல்லது உயர்நிலை மேற்பார்வையாளர் பகல், இரவு ஆகிய இரு முறைப்பணிகளிலும் முன்னறிவிப்பின்றிச் சுற்றிவர வேண்டும். அவர் வருவதைப் பணியாளர் ஒருவர் மற்றவருக்குத் தெரிவிப்பது தடை செய்யப்பட்டுள்ளது. இதற்குப் புதிய பணியிடம் வேண்டியதில்லை. ஆனால் இது தவறு பிடிக்கும் வேட்டையாக மட்டும் நடந்தால் பணியாளரின் ஒளிவுமறைவே கூடும். இரவு இரண்டு மணிக்கு வரும் அலுவலர், 'எத்தனை பேர்?' என்பதற்கு முன் 'யார் தூங்கவில்லை?' என்று கேட்கலாம். அக்கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பணியாளர் நோக்குபவர்.

மிசௌரி மாநிலம் இன்னொரு பாதையில் சென்றது. பூன்வில்லில் இருந்த பெரிய பயிற்சிப் பள்ளியை 1983இல் மூடி, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்களாகச் சிறாரை வைக்கும் முறையை வளர்த்தெடுத்தது. ஒரே பணியாளர்கள் ஒரே குழுவோடு தொடர்ந்து இருப்பர். சிறுவனும் பணியாளரும் எந்நேரமும் குழுவை வட்டமாகக் கூட்டிப் பேசலாம். இங்கு மேற்பார்வை என்பது கூட இருத்தலே. நம் பெருங்கூட இல்லங்களுக்கு இது அப்படியே பொருந்தாது. கட்டடங்களே வேறு வகை. இருப்பினும் வயதுவாரியாகப் பிரிக்கச் சட்டம் ஏற்கெனவே கூறியுள்ள நிலையில், ஒவ்வொரு பிரிவுக்கும் மாறாத பணியாளரை அமர்த்துவது இயலாத செயலன்று.

நீதிபதி சந்துரு குழு இல்லங்களின் நிருவாகத்துக்கெனத் தனி இயக்ககம் ஒன்றைப் பரிந்துரைத்தது. மேல்மட்ட அமைப்பு மாறுவது நன்று. அதன் பயன் கடைநிலைப் பணியாளரின் முறைப்பணிப் பட்டியல்வரை இறங்கி வருகிறதா என்பதைப் பார்க்கவேண்டும். அதற்கு இல்லத்திலுள்ள பதிவேடுகளே போதும். காயங்கள் பதிவான மருத்துவப் பதிவேட்டையும் நிகழ்வுப் பதிவேட்டையும் அருகருகே வைத்து, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத நாள்களைக் குறிக்கலாம். உணவை யார் பரிமாறுகிறார்கள் என்று கேட்கலாம். சிறுவரே எனில், எப்போதும் அதே சிறுவரா என்று கேட்கலாம். இறுதியாக, வருகைப் பதிவேட்டில் ஒரு குறிப்பிட்ட இரவையும் அதற்கு முந்தைய பகலையும் அடுத்த பகலையும் எடுத்துப் பார்க்கலாம். மூன்றிலும் ஒரே பெயர் இருக்குமாயின், ஆய்வை அப்பணியாளரிடம் பேசுவதிலிருந்து தொடங்கலாம்.