பொருக்குக்கு அடியில் ஒரே அமளி!

முழங்காலில் சிராய்ப்பு. ரத்தம் நின்று, பொருக்கும் தட்டிவிட்டது. மேலே பார்த்தால் எல்லாம் அமைதி. வாருங்கள், சத்தம் போடாமல் அடியில் புகுந்து பார்ப்போம். அடேயப்பா, முகூர்த்த நாளில் கல்யாண வீட்டுச் சமையல்கட்டுகூட இப்படிப் பரபரக்காது!

முதலில் வந்தவை தட்டணுக்கள். ரத்தத்தை அடைத்த கையோடு, மடியில் முடிந்து வைத்திருந்த ரசாயனங்களை அவிழ்த்துக் கொட்டுகின்றன. அதில் பி.டி.ஜி.எஃப். என்று ஒன்று, அதன் வாடை பட்டதும் தோலுக்கு நார் நெய்யும் செல்கள் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுகின்றன. காயத்தின் ஓரத்துச் செல்களோ ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிக்கின்றன. ஆமாம், புண் கழுவ மருந்துக் கடையில் வாங்குவோமே, அதேதான்! 2009-இல் வரிக்குதிரை மீன் குஞ்சின் வாலில் சின்ன வெட்டுப் போட்டு, ஒளிரும் புரதத்தின் உதவியால் இதைக் கண்ணாரக் கண்டார்கள். வெட்டிய ஓரத்தில் பெராக்சைடு முதலில் பரவியது. அது வந்த திக்கைப் பிடித்துக்கொண்டே வெள்ளையணுக்கள் பின்னால் ஓடி வந்தன.

இந்தக் கூப்பாட்டை அமுக்கவும் ஓர் ஆள் உண்டு: மனக்கவலையில் சுரக்கும் கார்ட்டிசால். 1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில், மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் உறவினர்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் காயம் செய்து நாள் எண்ணினார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு ஆற 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. பாவம், ராப்பகலாக ஒருவரைப் பார்த்துக்கொள்பவரின் தோலுக்குக்கூட அந்தக் களைப்பு தெரிகிறது.

எனக்கு உயிரான கதை இனிமேல்தான். ஸ்டான்லி கோஹன் என்ற விஞ்ஞானி வேறு எதையோ தேடி, எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டார். இரண்டு வாரம் வரை மூடிக் கிடக்க வேண்டிய கண்கள் ஒரே வாரத்தில் திறந்துகொண்டன! இன்னொருவர் குறித்து வைத்துவிட்டு நகர்ந்திருப்பார். அவர் விடவில்லை. இமைத் தோலை அவசரமாக வளர்த்துவிட்ட அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, இ.ஜி.எஃப். என்று பெயரிட்டார். 1986-இல் நோபல் பரிசு.

அதே இ.ஜி.எஃப். இதோ, நம் முழங்காலிலும்! அது தூண்டத் தூண்ட ஓரத்துத் தோல் செல்கள் பெருகி, பொருக்குக்கு அடியில் ஊர்ந்து வருகின்றன. இந்தக் கரையிலிருந்து கொஞ்சம், அந்தக் கரையிலிருந்து கொஞ்சம். நடுவில் ஒன்றையொன்று தொட்டதும் சட்டென்று நின்றுவிடுகின்றன.

மேலே பொருக்கு ஓரத்தில் லேசாகக் கிளம்புகிறது. நகத்தை எடுங்கள், பிய்த்துவிடாதீர்கள்! உள்ளே இன்னும் நெய்துகொண்டிருக்கிறார்கள்.