உட்காருங்க அக்கா!

போத்தனூரில் இருக்கும் என் பெரியம்மா மகள் வீட்டுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் போனால் ஒரு விசித்திரக் காட்சி காணக் கிடைக்கும். அக்கா தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்திருப்பாள். கால் இரண்டும் சுவர்மேல்! வெள்ளையடித்து நாலு மாசம்கூட ஆகாத சுவரில் இரண்டு பாத அச்சு, ஏதோ மகான் வந்துபோன மாதிரி.

"என்னக்கா, யோகாவா?" என்று கிண்டலடித்தேன்.

"யோகமே இல்லையாம், இதுல யோகா வேறயா? காலைப் பாரு கண்ணு" என்று சேலையைக் கொஞ்சம் ஒதுக்கினாள். என் சிரிப்பு நின்றுவிட்டது. கெண்டைக்காலில் பச்சையும் நீலமுமாக, மண்புழு நெளிகிற மாதிரி புடைத்துக்கொண்டு நரம்புகள். கணுக்கால் உட்புறம் கறுத்திருந்தது. கொலுசைக் கழற்றி ரெண்டு வருஷமாச்சாம். வீக்கத்தில் அது சதைக்குள் புதைகிறது.

அக்காவுக்குக் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை. சேலை செக்‌ஷன். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும். வருகிறவர்கள் மெத்தையில் சாய்ந்துகொண்டு நூறு சேலையைப் புரட்டிவிட்டு "அந்த மயில் கழுத்துக் கலர்ல வேற டிசைன் இல்லையா?" என்று கேட்பார்கள். (என் மனைவி உள்பட!)

ஊரில் இதை "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பார்கள். உண்மையில் இது நரம்பே இல்லை, ரத்தக்குழாய். டாக்டர்கள் 'வெரிகோஸ் வெயின்' என்கிறார்கள். நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே வால்வு சைக்கிள் டியூபில் இருப்பதுதான். ஆனால் நம் காலுக்குள்ளும் வால்வுகள் இருக்கின்றன. இதைப் பற்றி இத்தாலியில் ஃபப்ரிஷியஸ் என்ற பேராசிரியர் 1603-லேயே புத்தகம் போட்டார். அவை எதற்கு என்பதை 1628-ல் சரியாகச் சொன்னவர் அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி. குரு விட்ட இடத்தை சிஷ்யன் பிடித்துக்கொண்டார்.

சங்கதி இதுதான். இதயம் ரத்தத்தைக் கீழே அனுப்பிவிடும். திரும்பி மேலே வருவதுதான் கஷ்டம், கொடுத்த கைமாற்று மாதிரி! கெண்டைக்கால் சதை ஒவ்வொரு அடிக்கும் இறுகி ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளுகிறது. தள்ளியது கீழே வராமல் வால்வு மூடிக்கொள்ளும். நடக்கும்போது எல்லாம் சுகம். அசையாமல் நின்றால்? இதயத்திலிருந்து கணுக்கால் வரை சுமார் நாலடி உயர ரத்தத்தின் எடை முழுவதும் கீழேதான் இறங்கும். நடக்கிறபோது கணுக்கால் ரத்தக்குழாயில் அழுத்தம் முப்பது மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும். சும்மா நின்றால் எண்பது, தொண்ணூறு.

சைக்கிள் டியூபில் ஓரிடம் நைந்திருந்தால் காற்றடிக்கும்போது அங்கே மட்டும் குமிழ் கிளம்பும், பார்த்திருப்பீர்கள். கிளம்பிய குமிழ் அடங்காது. விரிய விரிய, அதே காற்றுக்கு இன்னும் அதிகமாக விரியும். ரத்தக்குழாயும் அப்படியே. போதாததற்கு, குழாய் அகலமானால் வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொடாது. கதவு நிலை அகன்றுபோனால் இரட்டைக் கதவு எப்படிச் சேரும்? இடைவெளியில் ரத்தம் கீழே ஒழுகும். பாரம் அடுத்த வால்வுக்கு. அதுவும் போகும். குழாயிலிருந்து நீர் கசிந்து கால் வீங்கும். கசிந்த ரத்தத்தின் இரும்புச் சத்து தோலில் படிந்து கறுக்கும். அதற்கு மேல் போனால் ஆறாத புண்.

எல்லாப் பழியையும் கடைமேல் போட முடியாது. பரம்பரை ஒரு காரணம், பிரசவங்கள் ஒரு காரணம். பெரியம்மாவுக்கும் இருந்தது. ஆனால் நைந்த டியூபில் தினம் பன்னிரண்டு மணி நேரம் காற்றடிக்கலாமா?

டாக்டர் இறுக்கமான காலுறை எழுதிக்கொடுத்தார். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே மாட்ட வேண்டும். சித்திரை வெயிலில் மாட்டிப் பாருங்கள், தெரியும்! லேசரில் அடைத்துவிடவும் முடியும். அதுவரை காலை உயரத் தூக்கி வைக்கணும், நிற்கும்போது குதிகாலை முப்பது தடவை தூக்கி இறக்கணும், முடிந்தபோதெல்லாம் உட்காரணும். (ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், சுவரைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம்.)

உட்காரணுமா? அங்கேதான் சிக்கல். இங்கிலாந்தில் 1899-லேயே சட்டம் போட்டார்கள், கடையில் மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்று. மற்ற இரண்டு பேர் என்ன பாவம் செய்தார்களோ! நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. போத்தனூரில் ரயிலேறினால் பாலக்காடு, ஷொர்ணூர் தாண்டி கோழிக்கோடு. அங்கே கடைப் பெண்களைத் திரட்டி, உட்காரும் உரிமைக்காகப் போராடியவர் விஜி என்ற தையல்காரப் பெண்மணி. 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டசபையிலும் திருத்த மசோதா வந்து சட்டமானது. கடை ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி கட்டாயம், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம்.

"உங்க கடையில ஸ்டூல் போட்டாங்களா அக்கா?"

"போட்டாங்க கண்ணு. அதுமேல பையெல்லாம் அடுக்கி வெச்சிருக்குது."

"கஸ்டமர் இல்லாதப்ப உட்காரலாமே?"

"அப்ப சேலை மடிக்கோணும். மேல கேமரா வேற. உட்கார்ந்தா மறுநாள் 'ஏம்மா, வூட்ல தூங்கலையா'ம்பாங்க."

போன வாரம் மனைவியோடு அதே கடைக்குப் போனேன். அக்காவின் செக்‌ஷன். மத்தியான நேரம், கூட்டமே இல்லை. பைகளை நானே எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலை நகர்த்தி, "உட்கார்ந்துக்கிட்டே காட்டுங்க அக்கா" என்றேன்.

அக்கா தலைக்கு மேலே கேமராவை ஒரு தடவை பார்த்தாள். "அட, சும்மா இரு தம்பி" என்று பைகளைத் திரும்ப அதன்மேல் ஏற்றினாள். பிறகு மயில் கழுத்துக் கலரை விரித்துப் போட்டுவிட்டு, நின்ற வாக்கில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். பதினெட்டு வரை எண்ணினேன். அதற்குள் என் மனைவி வேறு கலர் கேட்டுவிட்டாள்.