லென்ஸ் வாங்கும் முன் கண்ணைக் காட்டுங்க

பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நிற்பவருக்கு லென்ஸ் புதுசு இல்லை. ஒரு அங்குலத் துணியில் எத்தனை கண்ணி இருக்கிறது என்று எண்ண, மடக்கு லென்ஸை வைத்துப் பார்ப்பது திருப்பூரில் பழகிய வேலைதான். கண்ணாடி போட்டும் பார்வை தெளியாத ஒருவருக்கு, இதுபோன்ற லென்ஸ் வேலையையே காப்பாற்றித் தரும். ஆனால் கடையில் கிடைத்ததை வாங்கினால் காசு வீண்.

முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். கண்புரையாக இருந்தால் அறுவை சிகிச்சையிலேயே சரியாகலாம். சிகிச்சை, கண்ணாடி எல்லாம் முடிந்தும் நல்ல கண்ணின் பார்வை 6/18-ஐத் தாண்டாமல் 3/60 வரை இருந்தால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அது குறைபார்வை. 6/18 என்றால், மற்றவர் 18 மீட்டரில் படிப்பதை நீங்கள் 6 மீட்டரில்தான் படிக்க முடிகிறது என்று அர்த்தம்.

'பவர் அதிகமா இருந்தா நல்லது' என்று நினைக்காதீர்கள். 10 டயாப்டர் லென்ஸைத் துணியிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பிடிக்கணும். 20 டயாப்டர் என்றால் 5 செ.மீ.தான். பவர் ஏற ஏற, தெரிகிற வட்டமும் சுருங்கும். லென்ஸை அசைக்காமல் முகத்தைக் கிட்டே கொண்டுபோங்கள், வட்டம் விரியும். கை நடுங்குபவருக்கு விளக்கு வைத்த ஸ்டாண்ட் லென்ஸ் தோது. ஒன்று மட்டும்: ஓடுகிற ஓவர்லாக் மெஷின் மேல் லென்ஸோடு குனியவே கூடாது. நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

பஸ் போர்டு படிக்க ஒற்றைக் கண் தொலைநோக்கி உண்டு. நின்றுகொண்டு மட்டுமே பயன்படுத்தணும்.

லேபிளில் உள்ள பொடி எழுத்துக்குக் கையில் இருக்கிற போனே போதும். போட்டோ எடுத்துப் பெரிதாக்குங்கள். சனிக்கிழமை சம்பளத்தில்தான் சிக்கல். புதிய 100, 200, 500 ரூபாய் நோட்டுகளின் அகலம் ஒன்றே, 66 மி.மீ.; நீளத்தில் 4 மி.மீ. வீதம்தான் வித்தியாசம். ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட 'மணி' செயலியில் நோட்டைக் கேமராவுக்குக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். நெட் தேவையில்லை. கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது.

குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், உபகரண உதவி கேட்கலாம். அதற்கு யூ.டி.ஐ.டி. அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். பிறகு, பல்லடம் ரோடு கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். போகும்போது ஆதாரோடு, மருத்துவர் எழுதிய லென்ஸ் பவர் சீட்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.