மாரடைப்பிற்குப் பின் ஒரு மாத்திரை

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலுள்ள எல்லையூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மருத்துவமனை இரு திசையிலும் உண்டு. ஒருபுறம் திருவனந்தபுரம், மறுபுறம் நாகர்கோவில். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு முதலிய தாலுக்காக்கள் சென்னை இராச்சியத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. ஆயினும் கொள்வினை கொடுப்பினைகள் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை. மருந்துச்சீட்டும் அவ்வாறே களியக்காவிளையைக் கடந்து போய்வருகிறது. மாரடைப்பிலிருந்து மீண்டவரின் சீட்டில் பெரும்பாலும் தவறாது காணப்படும் ஒரு மருந்தைப் பற்றி ஈண்டு விளக்க முற்படுகிறோம். அதுவே ஸ்டாட்டின் எனப்படும், கொலஸ்டிராலைக் குறைக்கும் மாத்திரை.

கொலஸ்டிரால் உணவின் வழியே மட்டும் உடலிற் சேர்வதன்று. அதன் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கிறது. அவ்வேலையில் கல்லீரலுக்குப் பெரும்பங்கு உண்டு. தேங்காயெண்ணெயை அறவே விட்டுவிட்டோம், இனி மாத்திரை எதற்கு என்று கேட்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணெயைக் குறைப்பது நன்றே, அதுவே போதுமானதன்று. ஸ்டாட்டின் மருந்து, கல்லீரலில் கொலஸ்டிரால் உண்டாகும் வழியில் ஒரு படியைத் தடுக்கிறது. தனக்கு வேண்டியது குறைந்ததும் கல்லீரல் இரத்தத்திலுள்ள எல்.டி.எல். எனும் தீய கொலஸ்டிராலை மிகுதியாக ஈர்த்துக்கொள்கிறது. இரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைவதே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம். இம்மருந்து அத்திட்டுகள் வளர்வதைத் தணித்து, அவை எளிதில் வெடியாதவாறு உறுதிப்படுத்துகிறது.

இதன் பிறப்பு ஒரு பூசணத்திலிருந்து. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூசணங்களை ஆராய்ந்து, 1973இல் இவ்வகையின் முதற்பொருளைக் கண்டறிந்தார். இதன் பயன் ஐயமற நிறுவப்பெற்றது 1994இல். மாரடைப்போ இதய நெஞ்சுவலியோ உற்ற 4,444 பேரை ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஐந்தாண்டுகளுக்கும் மேலாகக் கவனித்தனர். வெற்று மாத்திரை உண்டவருள் 100க்கு ஏறத்தாழ 12 பேர் இறந்தனர். சிம்வாஸ்டாட்டின் உண்டவருள் 8 பேர். நான்கு உயிர்கள்தாமே என்று நாம் கருதலாகாது. அந்நால்வருள் ஒருவர் நம் வீட்டவராக இருக்கக்கூடும்.

கேரளத்தில் 2007 முதல் 2009 வரை 125 மருத்துவமனைகளில் எடுத்த கணக்கொன்றில், மாரடைப்பும் அதனை ஒத்த கடும் இதயநோயும் கண்டு சேர்ந்தவர் 25,748 பேர். நோயின் பரப்பு இத்தகையது. மருத்துவமனையில் பிழைத்து வீடு திரும்பியவர் சில திங்களில் இரத்தப் பரிசோதனை செய்கிறார். கொலஸ்டிரால் குறைந்திருக்கிறது. குணமாகிவிட்டது என்றெண்ணி மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இங்குத்தான் பிழை நேர்கிறது. எண் குறைந்தது மாத்திரையால். நிறுத்தினால் சில வாரங்களில் அது பழைய நிலைக்கு ஏறிவிடும். காய்ச்சலுக்கு உண்ணும் மருந்து போல இத்தனை நாள் என்று முடிவதன்று. பொதுவாக வாழ்நாள் முழுவதும் தொடர்வது. மாரடைப்பு உற்றவர்க்கு எல்.டி.எல். 55க்கும் கீழே இருத்தல் நன்று என ஐரோப்பிய மருத்துவர் நெறிமுறை 2019இல் கூறியது. ஆதலின் ஆய்வுக்கூடத் தாளில் அச்சிட்ட ‘இயல்பு அளவு’ இவர்க்குப் பொருந்தாது.

தசைவலி வருமென்ற அச்சமும் பலரை நிறுத்தச் செய்கிறது. இங்கிலாந்தில் 2020இல் வெளிவந்த ஆய்வொன்றில், வலி முதலிய தொல்லைகளால் மருந்தை விட்ட 60 பேருக்கு ஒரு திங்கள் மருந்தும், ஒரு திங்கள் வெற்று மாத்திரையும், ஒரு திங்கள் எதுவுமின்றியுமாக மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தனர். மருந்துண்டபோது உற்ற தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு வெற்று மாத்திரையிலும் தோன்றிற்று. எனினும் உண்மையான தசைநோவு சிலர்க்கு உண்டு. சர்க்கரையும் சிறிது ஏறலாம். கடும் தசைவலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அன்றே மருத்துவரைக் காணவேண்டும். பிற வலிகளுக்கு அளவைக் குறைக்கவோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றவோ வழியுண்டு.

எல்லையூரார்க்கு மட்டுமே உரிய இடரும் ஒன்றுண்டு. திருவனந்தபுரத்தில் ஒரு வணிகப்பெயரிலும் நாகர்கோவிலில் வேறொரு பெயரிலும் எழுதித் தரப்பட்டது ஒரே அடோர்வாஸ்டாட்டினாக இருக்கலாம். இரண்டும் வேறென்று கருதி இரண்டையும் உண்பவர் உளர். பட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் மூலப்பெயரைத் தாளொன்றில் தமிழில் எழுதி வைத்து, இரு பக்கத்து மருத்துவரிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் காட்டுவது எளிது. சிம்வாஸ்டாட்டினை இரவில் உண்ணவேண்டும். அடோர்வாஸ்டாட்டினும் ரொசுவாஸ்டாட்டினும் எந்நேரமும் ஆகும். ஒருநாள் மறந்துவிட்டால், மறுநாள் வழக்கமான ஒரு மாத்திரையே, இரண்டல்ல.