நெல்லை விற்காத ஊர்

நெல் பயிரிடும் குடியானவர் தம் தேவைக்குப் போக எஞ்சியதை விற்றுப் பணமாக்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆனால் ஒரு மணி நெல்லையும் விற்கலாகாது என்பதையே முதற் கட்டளையாகக் கொண்டு, அக்கட்டளையை இன்றளவும் காத்துவரும் ஒரு மக்கட் கூட்டம் இந்தோனேஷியாவில் இருக்கிறது. ஜாவாத் தீவின் மேற்குப் பகுதியில், ஹாலிமுன் மலையின் தென்சரிவில் உள்ள சிப்தாகெலார் என்னும் சிற்றூரைச் சார்ந்தவர்கள் அவர்கள். அவ்வூரின் பெயரை நம் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எனினும் வயலையும் காட்டையும் ஊர்ப் பொறுப்பையும் அவர்கள் நடத்தும் முறையில், பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கவனிக்கத்தக்க செய்திகள் பல உண்டு.

ஜாவாத் தீவு பரப்பில் ஏறத்தாழ நம் மாநிலத்தின் அளவே ஆகும். ஆனால் 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 15 கோடிக்கு மேற்பட்டவர்கள். மக்கள் இவ்வளவு நெருங்கி வாழும் தீவில் காடு எஞ்சியிருப்பதே வியப்பு. தலைநகராகிய ஜகார்த்தாவிலிருந்து தெற்கே போகோர் நகரைக் கடந்து, சுகாபூமி மாவட்டத்தின் வழியாக இந்துமாக்கடலின் கரையிலுள்ள பெலாபுஹான் ராத்து என்னும் மீன்பிடி துறைமுகத்தை அடையலாம். மாவட்டத் தலைநகரும் அதுவே. அங்கிருந்து கரையோரமாக மேற்கே சென்றால் சிசோலோக் வட்டம் வரும். வெந்நீர் ஊற்றுகள் பீறிட்டெழும் இடம் அது. அதன் பிறகு வண்டிப் பாதை மலையேறத் தொடங்குகிறது. கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறினால், பனிமூட்டத்தின் நடுவே படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களும், கருநிறக் கூரை வேய்ந்த வீடுகளும் தென்படும். ‘ஹாலிமுன்’ என்ற சொல்லுக்கே சுண்டா மொழியில் மூடுபனி என்று பொருள்.

இம்மக்கள் தம் சமூகத்தைக் ‘கசெபுஹான்’ என்கிறார்கள். மூத்தோர் வழி நிற்போர் என்பது அதன் கருத்து. தலைவரை ‘அபா’, அதாவது தந்தை, என்று அழைப்பார்கள். தம் மரபு 1368 ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து வருவதாகக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் நிகழும் அறுவடைத் திருவிழாவை அவ்வாண்டிலிருந்தே எண்ணுகிறார்கள். இவர்களுடைய தலைமையூர் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. முன்னோரின் ஆணை கனவில் வந்ததாகத் தலைவர் அறிவித்தால், களஞ்சியம் முதல் இசைக்கருவி வரை எடுத்துக்கொண்டு தலைமையூர் வேறிடம் பெயரும். அபா அனோம் தலைமையில் 2000 ஆம் ஆண்டையொட்டி சிப்தாராசாவிலிருந்து சிப்தாகெலாருக்கு வந்தனர். அவர் 2007 இல் காலமானார். இளைஞராகிய அவர் மகன் அபா உகி பொறுப்பேற்றார். 2020களின் தொடக்கத்தில் தலைமை மீண்டும் பெயர்ந்து, அருகிலுள்ள கெலார் ஆலம் என்னுமிடத்துக்குச் சென்றது. ஆதலால் இப்போது அச்சமூகம் அப்புதுப் பெயராலும் குறிக்கப்படுகிறது. இத்தலைமையை ஏற்கும் சிற்றூர்கள் ஐந்நூறுக்கு மேல் என்பர். அவை சுகாபூமி, போகோர், லெபாக் ஆகிய மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன.

இனி, வேளாண்மைக்கு வருவோம். ஆண்டுக்கு ஒரு போகம் நெல் மட்டுமே பயிரிடுவது இவர்கள் முறை. நெல்லைத் தாயாகவும், ‘நி போஹாச்சி’ என்னும் தெய்வமாகவும் கருதுவதால், ஒரு தாய் ஆண்டில் ஒருமுறைதான் ஈனுவாள் என்பார்கள். இதனை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். பின்னால் வரும் செய்தியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எப்போது உழவு தொடங்குவது என்பதை வானத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். விடியற்காலத்தில் கீழ்வானில் ‘கெர்தி’ என்னும் மீன்கூட்டம் தோன்றியதும் இரும்புக் கருவிகளைத் தீட்டிச் செப்பனிட வேண்டும். அடுத்து ‘கிடாங்’ தோன்றியதும் கருவிகளுடன் நிலத்தில் இறங்க வேண்டும். கெர்தி என்பது நாம் கார்த்திகை என்று கூறும் அறுமீனே. கிடாங் என்றால் அவர்கள் மொழியில் மான். அது நம் மிருகசீரிடம் விளங்கும் அதே வான்பகுதி. கடல் கடந்தும் மீனின் பெயர் மாறாதிருப்பது நினைத்தற்கு இனிமையானது. அந்தக் கிடாங் மாலை வானில் மேற்கே சாய்ந்து மறையும் காலத்தில் கதிர் நாவாய்ப் பூச்சி இறங்கிவிடும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. எனவே அதற்குள் கதிர் அறுத்துக் களஞ்சியம் சேர்ந்துவிட வேண்டும். எல்லோரும் ஒரே காலத்தில் நடுகிறார்கள், ஒரே காலத்தில் அறுக்கிறார்கள், பின்னர் எல்லா நிலமும் சேர்ந்து ஓய்கிறது. பூச்சிக்கு அடுத்த வயல் என்று ஒன்று கிடைப்பதில்லை.

விதை அவர்களுடையதே. நூற்றுக்கு மேற்பட்ட பரம்பரை நெல் வகைகளை ஆண்டுதோறும் விதைத்துக் காத்து வருகிறார்கள். தாள் நீண்டு, விளைய ஐந்தாறு மாதம் பிடிப்பவை அவை. அரிவாள் கொண்டு அறுப்பதில்லை. உள்ளங்கையில் அடங்கும் ‘எதெம்’ என்னும் சிறு கத்தியால் ஒவ்வொரு கதிராகக் கொய்கிறார்கள். கொய்த கதிர்களை முடிச்சுகளாகக் கட்டி, வயலோரத்தில் நட்ட மூங்கிற் சட்டங்களில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் வெயிலிலும் காற்றிலும் உலர்த்துகிறார்கள். வேலை மெல்லத்தான் நடக்கும். ஆயினும் நல்ல கதிரைக் கண்ணால் பார்த்து விதைக்கென ஒதுக்கிவைக்க இதைவிட நேரிய வழி இல்லை.

உலர்ந்த முடிச்சுகள் ‘லெவிட்’ என்னும் களஞ்சியத்தைச் சேர்கின்றன. நம் ஊர்களில் இருந்த பத்தாயத்தையும் குதிரையும் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் லெவிட் வீட்டுக்குள் இருப்பதன்று. கல்லின் மேல் நிறுத்திய கால்களில், மரத்தாலும் மூங்கிலாலும் கட்டி, பனையினத்து மரமொன்றின் நாரால் கூரை வேய்ந்த தனிச் சிறு வீடு அது. தரையின் ஈரம் ஏறாது. நார்க் கூரை மழைக்குப் பல்லாண்டு தாங்கும். உமியோடும் கதிரோடும் சேமித்த நெல் ஆண்டுகள் பல கெடாமல் இருக்கிறது. குடியிருப்பிலிருந்து சற்று விலகி, வரிசை வரிசையாக இவற்றை அமைத்திருக்கிறார்கள். சமையல் அடுப்பு விறகில் எரியும் ஊரில், வீட்டில் தீப்பிடித்தாலும் நெல் பிழைக்க வேண்டும் என்ற முன்னறிவை இவ்வமைப்பில் காணலாம்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிக் களஞ்சியம் உண்டென்றாலும், ஊர்ப் பொதுவில் ‘சி ஜிமாட்’ என்ற பெருங்களஞ்சியம் ஒன்று உள்ளது. அறுவடையில் ஒரு பங்கு அதற்குச் செல்லும். விளைச்சல் தவறிய குடும்பம் அதிலிருந்து நெல் கடன் பெறலாம். வட்டி கிடையாது, பெற்ற அளவை மறு அறுவடையில் திருப்பினால் போதும். கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி நாம் நூல்களில் படிப்பதற்கு நெடுங்காலம் முன்னரே மலைமக்கள் இதனைச் செய்து வந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஆண்டிறுதியில் ‘செரென் தாவுன்’ விழாவன்று புது நெல்லைக் காவடியாகச் சுமந்து ஊர்வலம் வந்து, தலைவரும் அவர் மனைவியும் முதல் முடிச்சைப் பொதுக் களஞ்சியத்தில் வைப்பார்கள். விழாவுக்கு முன்னர் ஊர்ப் பெரியோர் கூடி, சமூகத்திலுள்ள தலைகளை எண்ணிக் கணக்கெடுக்கும் வழக்கமும் உண்டு. எத்தனை வாய்களுக்கு எத்தனை நெல் என்று தெரியாமல் புத்தாண்டைத் தொடங்குவதில்லை.

நெல்லையும் அரிசியையும் அரிசி மாவையும் விற்பது விலக்கு. இயந்திரத்தில் நெல் குற்றுவதும் விலக்கு. பெண்கள் நீண்ட மர உரலில் சேர்ந்து நின்று உலக்கையால் இடிக்கிறார்கள். காய்கறி, பனைவெல்லம் போன்றவற்றை விற்றுப் பணம் பெறத் தடையில்லை. இவர்கள் பழமையில் உறைந்துவிட்டவர்கள் என்று எண்ணினால் தவறாகும். மலையோடையின் நீரைத் திருப்பிச் சிறு சுழலி ஓட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். ஊருக்கென வானொலி நிலையம் உண்டு. 2008 இல் சொந்தத் தொலைக்காட்சியும் தொடங்கினார்கள். இளம் தலைவர் மின்னணுக் கருவிகளில் தேர்ந்தவர். புதுமை எதுவாயினும் அது நெல்லைத் தொடலாகாது. மற்ற இடங்களில் தாராளமாக வரலாம் என்பதே அவர்கள் வகுத்த எல்லை. உரற்பாட்டின் சுமை பெண்களின் தோளிலேயே விழுகிறதே என்று கேட்பவர்க்கு நியாயம் உண்டு. அவ்வினாவை நாமும் எழுப்பலாம்.

மலைக்குக் கீழே நாட்டின் பிற பகுதிகளில் நடந்தது வேறு கதை. 1970களில் உலகிலேயே மிகுதியாக அரிசி இறக்குமதி செய்த நாடு இந்தோனேஷியா. குறுகிய காலத்தில் விளையும் புதிய விதை, உரம், பாசனம், மானிய விலையில் பூச்சி மருந்து ஆகியவற்றை அரசாங்கம் ஊர்தோறும் பரப்பியது. ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் விளைந்தது. 1984 இல் நாடு அரிசியில் தன்னிறைவு எய்தியது. அது சிறிய சாதனையன்று. ஆனால் இடைவிடாத நெற்பயிரில் நம் விவசாயிகள் நன்கறிந்த புகையான் பெருகிற்று. 1970களின் நடுவில் ஒருமுறையும், தன்னிறைவு எய்திய சில ஆண்டுகளுக்குள் மறுமுறையும் பரந்த வயல்கள் கருகின. மருந்தை மேலும் மேலும் தெளிக்க, புகையானைத் தின்னும் சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்கள் மடிந்து, புகையான் பின்னும் பெருகியது. உண்மையை உணர்ந்த அரசாங்கம், 1986 நவம்பரில் 57 பூச்சி மருந்துகளை நெல்லுக்குத் தெளிக்கலாகாதெனத் தடை செய்தது. மருந்து மானியமும் 1989க்குள் நீக்கப்பட்டது. அதே ஆண்டில், வயலிலேயே விவசாயிகளைக் கூட்டிப் பூச்சிகளை இனங்காணக் கற்பிக்கும் உழவர் வயல்வெளிப் பள்ளி தோன்றியது. பிற்காலத்தில் பல நாடுகளுக்கும் அது பரவிற்று. கசெபுஹான் மக்கள் அப்புதிய விதைகளைத் தம் வயலில் ஏற்கவில்லை. ஒரு போகத்தால் நெருக்கமான ஜாவா முழுவதற்கும் சோறிட முடியாது என்பது உண்மை. எல்லோரும் ஒருங்கே நட்டு, நிலத்துக்கு இடைவெளி விட்டால் பூச்சி தங்காது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

காட்டையும் இவர்கள் மூன்றாக வகுத்திருக்கிறார்கள். ஒன்று, யாரும் கைவைக்கலாகாத மூத்த காடு. ஊற்றுக்கண்கள் அங்கேதான் உள்ளன. இரண்டாவது, சந்ததிக்கென ஒப்படைக்கப்பட்ட காடு; முன்னோர் ஆணையின்றித் திறக்கலாகாது. மூன்றாவது, வயலும் தோப்புமாகப் பயன்படுத்தும் நிலம். ஆனால் இவ்வகுப்பு அரசாங்கப் படத்தில் இல்லை. இம்மலை 1992 இல் சுமார் 40,000 ஹெக்டேர் பரப்புள்ள தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2003 இல் சலாக் மலையையும் சேர்த்து 1,13,357 ஹெக்டேராக விரிவாக்கினார்கள். நெடுங்காலம் உழுத வயல்களும் களஞ்சியங்களும் திடீரெனப் பூங்கா எல்லைக்குள் வந்துவிட்டன. ஜாவாவின் கிப்பன் குரங்கும் பருந்துக் கழுகும் பிழைத்திருப்பதற்கு அப்பூங்கா வேண்டியதே, அதை மறுப்பாரில்லை. ஆனால் அக்காட்டை அதுவரை காத்தவர் சட்டத்தின் பார்வையில் புறம்போக்கில் குடியேறியவர் போல் ஆனார்.

ஊராட்சி முறையிலும் இதே போராட்டத்தைக் காணலாம். சிப்தாகெலார் நிர்வாகத்தில் தனி ஊரன்று. சிர்னாரெஸ்மி என்னும் ‘தேசா’வுக்குட்பட்ட குடியிருப்பு. தேசா என்பது நம் ஊராட்சிக்கு ஒப்பானது. அதே தேசாவில் சினார் ரெஸ்மி, சிப்தாமுல்யா என்னும் வேறு இரு கசெபுஹான்களும் உள்ளன. ஆக, ஓரிடத்தில் தேர்தலில் வென்ற தலைவர் ஒருவரும், மரபுவழித் தலைவர் மூவரும் இருக்கிறார்கள். 1979 ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதும் ஊர் நிர்வாகத்தை ஒரே அச்சில் வார்த்தது. ஊர்த் தலைவரே ஊர் மன்றத்துக்கும் தலைமை வகித்தார்; அவரைக் கேள்வி கேட்க வேண்டிய மன்றம் அவர் கீழேயே இருந்தது. 1999 இல் அம்முறை மாறி, மன்றம் தனித்தது. 2014 ஆம் ஆண்டின் 6 ஆம் எண் சட்டம் மரபூர்களுக்கும் இடமளித்தது. 2015 முதல் மத்திய அரசின் நிதி எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படுகிறது. ஊர்த் தலைவரின் பதவிக்காலம் 2024 இல் ஆறாண்டிலிருந்து எட்டாண்டாக நீட்டப்பட்டது. நிதி எதற்கென்பதை ஊர்க் கூட்டத்தில் வைத்து முடிவு செய்ய வேண்டும்.

காட்டைப் பற்றிய வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை சென்றது. மரபு மக்களின் காடு அரசாங்கக் காடாகாது என்று 2013 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு கிடைத்ததும் காடு கைக்கு வந்துவிடவில்லை. இன்ன மக்கள் மரபுச் சமூகத்தார், இவர்கள் எல்லை இது என்று மாவட்ட மன்றம் முதலில் விதி இயற்ற வேண்டும். மலையின் மேற்குப் புறமுள்ள லெபாக் மாவட்டம் 2015 இல் கசெபுஹான் மக்களை ஏற்று அவ்வாறு விதி செய்தது. அதன் பயனாக, 2016 டிசம்பரில் ஜகார்த்தாவில் குடியரசுத் தலைவர் முதன்முதலாக ஒன்பது சமூகங்களுக்கு மரபுக் காட்டு ஆணைகளை வழங்கியபோது, லெபாக்கைச் சேர்ந்த கசெபுஹான் கராங் மக்களும் தம் ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.